பாக்ஸ் ஃபைல்: நடப்பு ஆண்டுக்குச் சரி, பரணுக்கு வேண்டாம்

ஸ்டேஷனரி கடையில் பாக்ஸ் ஃபைல் கேட்டால் முதலில் கலரைத்தான் காட்டுவார்கள். பார்க்க வேண்டியது உள்ளே தாள் கோக்கும் கம்பி வளைவுகளைத் திறந்து மூடும் லீவரை. மூடினால் இரண்டு வளைவுகளின் நுனியும் துளி இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். துளையிட்ட ஒரு தாளைக் கோத்து, சேரும் இடத்தில் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். மாட்டினால் வாங்காதீர்கள், ஆறே மாதத்தில் துளைகள் எல்லாம் கிழிந்திருக்கும். அட்டையின் அடிவிளிம்பில் தகரப்பட்டி இருப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் அலமாரியில் இழுத்து இழுத்து வைப்பதில் அட்டை பிரிந்துவிடும்.

மற்ற பல ஃபைல்களில் இல்லாத வசதி ஒன்று இதில் உண்டு. விடுபட்ட பில் பிறகு வந்து சேர்ந்தால், லீவரைத் தூக்கி, மேலுள்ள தாள்களை எதிர்வளைவுக்குத் தள்ளி, தேதிப்படி நடுவில் செருகிவிடலாம். டேக் எனும் கயிற்றில் கோத்த தாள்கட்டு என்றால் இதற்கு மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டும்.

500 தாள் பிடிக்கும் என்பார்கள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் 500 அடுக்கினால் சுமார் 5 செ.மீ., கணக்கு சரிதான். ஆனால் வவுச்சருக்கு ஸ்டேப்ளர் பின் உண்டே! பின் எல்லாம் ஒரே மூலையில் குவிந்து அந்தப் பக்கம் மட்டும் புடைக்கும், லீவர் மூடாது. 350-ஓடு நிறுத்தி அடுத்த ஃபைலைத் தொடங்குவது நல்லது. துளைகளுக்கிடையே 80 மி.மீ.; தாளைப் பாதியாக லேசாக மடித்து, அந்த மடிப்பை பஞ்சிங் மெஷினின் நடுக்குறியில் வைத்தால் பிசகாது. பத்திரம் போன்ற அசல் ஆவணங்களில் துளையே போடக்கூடாது. மை இல்லாமல் சூட்டில் அச்சாகும் தெர்மல் பில்லை பிளாஸ்டிக் கவரில் போட்டால் எழுத்து சீக்கிரம் மங்கும். ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து வையுங்கள்.

ஆண்டு முடிந்த பிறகும் அதே ஃபைலில் விட்டுவைப்பதுதான் வீண்செலவு. ஜிஎஸ்டி பதிவுகளை ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் 8 நிதியாண்டுக்கு. அத்தனை காலம் ஈரப்பதத்தில் லீவர் துருப்பிடிக்கும், துரு தாளில் இறங்கும். தணிக்கை முடிந்ததும் முன்னும் பின்னும் அட்டை வைத்து, அதே துளைகளில் டேக் கோத்துக் கட்டிவிடுங்கள். மேலட்டையில் ஆண்டு, முதல் பில் எண், கடைசி பில் எண், எப்போது கழிக்கலாம் என்ற தேதி. 2024-25 ஜிஎஸ்டி கட்டுக்கு, ஆண்டறிக்கைக் கெடு 31.12.2025 என்பதால், அது 31.12.2031-க்குப் பிறகு, வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். காலியான ஃபைலுக்குப் புது லேபிள் ஒட்டினால் அடுத்த ஆண்டுக்கும் ஆயிற்று.