யோஹானே லூயிஸே ஹைபெர்க், பெட்டி ஹென்னிங்ஸ்: இரு டேனிஷ் நடிகையர்

கோபன்ஹேகன் அரச நாடகமன்றத்தின் வரலாற்றை ஒரு நடிகையின் வாழ்க்கை வழியாக அறிய விரும்புவோர், யோஹானே லூயிஸே ஹைபெர்க் (1812–1890), பெட்டி ஹென்னிங்ஸ் (1850–1939) ஆகிய இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். இருவருமே பாலே நடனப் பயிற்சியிலிருந்து நாடகத்துக்கு வந்தவர்கள்.

ஏழைக் குடியேறிகளின் மகளாகப் பிறந்த ஹைபெர்க், பதின்ம வயதில் ஜூலியட்டாக நடித்து, 1847-இல், 34 வயதில், அதே வேடத்தை மீண்டும் ஏற்றார். இளமை கழிந்த பின்னரே இளமையின் சாரத்தை ஒரு நடிகையால் முழுமையாக வெளிப்படுத்த இயலும் என்று தத்துவவாதி கீர்க்ககோர் 1848-இல் வெளியிட்ட கட்டுரைக்கு அந்த நடிப்பே தூண்டுதலாயிற்று. நடிப்புக் கலையைப் பற்றி இவ்வளவு ஆழமாகச் சிந்தித்த எழுத்து அரிது என்பேன். 1864-இல் நடிப்பிலிருந்து விலகிய ஹைபெர்க், பின்னர் இயக்குநராகி, நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகங்களையும் மேடையேற்றினார். 1997-இல் வெளியான டென்மார்க்கின் 200 குரோனர் நோட்டில் அவர் உருவம் இடம்பெற்றது.

ஹென்னிங்ஸின் புகழோ பெரிதும் ஒரே இரவில் வேர்கொண்டது. 1879 டிசம்பர் 21 அன்று, இப்சனின் ‘பொம்மை வீடு’ உலகில் முதன்முதலாக மேடையேறியபோது அதன் நாயகி நோராவாக நின்றவர் அவரே. கணவன் கடிதப்பெட்டியைத் திறந்துவிடாமல் தடுக்க நோரா பதறிப்பதறி ஆடும் தாரந்தெல்லா என்ற விரைவான இத்தாலிய நடனத்துக்கு, பாலே பயின்ற உடல் எத்தனை பெரிய துணையாக இருந்திருக்கும்! பின்னர் இப்சனின் இன்னொரு நாடக நாயகியான ஹெட்டா காப்ளராகவும் நடித்தார்.

நவீன நாடகத்தின் பிறப்பை அறிய ஹென்னிங்ஸ் போதும். நடிகையாகவும் இயக்குநராகவும் ஒரு பெண் அந்த மன்றத்தில் எவ்வளவு தூரம் செல்ல முடிந்தது என்பதை அறிய ஹைபெர்க்கையே நான் பரிந்துரைப்பேன், அவருடைய விரிவான தன்வரலாறும் கிடைப்பதால்.