பிட்சர் ஒப்பந்தச் சண்டைகளுக்கு ஒரு கணக்குப்பிள்ளை: காட்ஸ் பேஸ்பால் கான்ட்ராக்ட்ஸ் தளம்

ஆண்டின் இறுதிக் கோப்பைப் போட்டியான உலகத் தொடர் முடிந்தபின், பிப்ரவரியில் பயிற்சி முகாம்கள் திறக்கும் வரை, அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்குப் பார்க்க ஆட்டம் கிடையாது. சண்டை போட ஒப்பந்தங்கள் உண்டு. எந்தப் பிட்சருக்கு (பந்து எறிபவருக்கு) எத்தனை ஆண்டு, எத்தனை மில்லியன் டாலர், அது கெட்டிக்காரத்தனமா பைத்தியக்காரத்தனமா என்று விவாதிக்கையில், ஒருவர் குத்துமதிப்பாகச் சொன்ன தொகையை இன்னொருவர் பெரிதாக்க, மூன்றாமவர் அதையே உண்மை என்று நம்பிவிடுவது வழக்கம். அதற்கு மருந்தாக நான் பல குளிர்காலங்களாகத் திறந்து வைத்திருக்கும் இணையதளம் 'காட்ஸ் பேஸ்பால் கான்ட்ராக்ட்ஸ்'. பேஸ்பால் ஆய்வுத் தளமான பேஸ்பால் ப்ராஸ்பெக்டஸின் கீழ் இயங்கும் இத்தளம், 30 அணிகளின் சம்பளக் கணக்கையும் கட்டணமின்றித் தருகிறது.

தோற்றத்தில் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. படங்களோ வண்ணங்களோ இல்லாத வெறும் எழுத்து வரிகள். அணிகளின் மொத்தச் செலவைப் பார்க்க அகலமான விரிதாள்கள். கைப்பேசியில் அவற்றைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை என்பதால், கணினியில் திறப்பதே நல்லது. ஆனால் ஒரு வீரரின் பெயருக்குக் கீழே உள்ள பத்து வரிகளில் கிடைப்பது, செய்தித் தலைப்புகளில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம்: மொத்தத் தொகை ஆண்டுவாரியாக எப்படிப் பிரிகிறது, கையெழுத்துப் போட்டதற்கான முன்பணம் எவ்வளவு, எந்தப் பங்கு பிற்காலத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, இடையில் விலகும் உரிமை யாருக்கு, ஏஜெண்ட் யார்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் 2019 டிசம்பர் ஒப்பந்தங்களைத் தேடிப் படிக்க வேண்டும். சில நாள் இடைவெளிக்குள் ஏஜெண்ட் ஸ்காட் போராஸின் மூன்று வாடிக்கையாளர்கள் கையெழுத்திட்டார்கள். பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் வாஷிங்டன் நேஷனல்ஸுடன் 7 ஆண்டு, 245 மில்லியன் டாலர்; பிட்சர் கெரிட் கோல் யாங்கீஸுடன் 9 ஆண்டு, 324 மில்லியன்; மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் ஆன்டனி ரெண்டன் ஏஞ்சல்ஸுடன் 7 ஆண்டு, 245 மில்லியன். மொத்தம் 814 மில்லியன். அந்த ஆண்டு கோப்பையை வென்றிருந்த நேஷனல்ஸ், ரெண்டனை விட்டுவிட்டு, உலகத் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வான ஸ்ட்ராஸ்பர்க்கை வைத்துக்கொண்டது. அவர் அதன்பின் எறிந்தது வெறும் எட்டு ஆட்டங்கள். ரெண்டனும் புதிய அணியில் எந்தப் பருவத்திலும் 60 ஆட்டங்களைத் தொடவில்லை. பேஸ்பாலில் இத்தகைய ஒப்பந்தத் தொகை உத்தரவாதமானது, காயம்பட்டாலும் சம்பளம் நிற்காது. 2022இல் நேஷனல்ஸ் 107 ஆட்டங்களில் தோற்றபோது, அந்தச் சம்பளப் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ரசிகர்களை எனக்குத் தெரியும்.

கோலின் கதையில் இத்தளத்தின் பயன் வேறு விதமானது. 2024 பருவம் முடிந்ததும் அவர் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, இரண்டே நாளில் பழைய ஒப்பந்தத்திலேயே தொடர்கிறார் என்ற செய்தி வந்தபோது பலர் குழம்பினார்கள். அவர் விலகினால், 2029க்கு 36 மில்லியன் டாலரில் ஓராண்டைக் கூட்டி யாங்கீஸ் அவரைத் தடுத்துக்கொள்ளலாம் என்ற விதி முதல் நாளிலிருந்தே ஒப்பந்தத்தில் இருந்தது. அதைப் படித்திருந்தவர்களுக்கு, இரு தரப்பும் பேரம் பேசுகின்றன என்பது உடனே புரிந்தது. அடுத்த மார்ச்சில் கோலுக்கு முழங்கைத் தசைநாரைச் சீரமைக்கும் 'டாமி ஜான்' அறுவைச் சிகிச்சை நடந்து, 2025 முழுவதும் பறிபோனது.

பிற்காலத்துக்குத் தள்ளிய பணத்தைப் புரிந்துகொள்ளவும் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. மேக்ஸ் ஷெர்ஸருக்கு 2015இல் நேஷனல்ஸ் ஒப்புக்கொண்ட 210 மில்லியனில் பாதி, 2022 முதல் 2028 வரை ஆண்டுக்கு 15 மில்லியனாக வருகிறது. டாட்ஜர்ஸ் அணியின் ஷோஹெய் ஒடானிக்கான 10 ஆண்டு, 700 மில்லியனில் 680 மில்லியன் வட்டியில்லாமல் 2034 முதல் தரப்படுவதால், சொகுசு வரிக் கணக்கில் (அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் கட்டும் வரி) அவர் ஆண்டுக்கு 70 மில்லியனாக அல்ல, சுமார் 46 மில்லியனாகவே நிற்கிறார். டாட்ஜர்ஸ் வரியை ஏமாற்றுகிறது என்று மேசையைத் தட்டுபவர்கள் முதலில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கோபம் தீராது என்றாலும், எதன்மேல் கோபப்படுகிறோம் என்பதாவது தெளிவாகும்.

இத்தளம் சொல்லாததும் இருக்கிறது, அது சின்ன விஷயமல்ல. பணத்துக்கு ஈடாகக் கை என்ன செய்தது என்பதற்கு இங்கே பதில் இல்லை. டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் பக்கத்தில் ஜேக்கப் டிகிராமின் 5 ஆண்டு, 185 மில்லியன் இருக்கும். முதல் பருவத்தில் ஆறு ஆட்டங்களைத் தொடங்கியபின் அவர் அறுவைச் சிகிச்சைக்குப் போனதும், அதே 2023இல் அவர் இல்லாமலே அணி உலகத் தொடரை வென்றதும் இருக்காது. பிட்சர் யோஷினோபு யமமோட்டோ, அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியாத நிலையில் டாட்ஜர்ஸிடம் 12 ஆண்டுக்கு 325 மில்லியன் வாங்கினார், கோலைவிட ஒரு மில்லியன் அதிகம். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். 2025 உலகத் தொடரில் அவர் மூன்று ஆட்டங்களை வென்றார், அவற்றில் கடைசி இரண்டும் அடுத்தடுத்த நாள்களில். ஆகவே, ஆட்டக் கணக்குகளுக்குப் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தை இன்னொரு பக்கம் திறந்து வைத்துக்கொள்ளாமல் இதை மட்டும் நம்பி வாதாடுவது பாதி வாதமே.

புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐபிஎல் ஏல விலை ஒரு பருவத்துக்கான தொகை என்று பழகியவர்கள், இங்கே காணும் பெரிய எண்ணை ஆண்டுச் சம்பளமாக எடுத்துக்கொண்டு மலைத்துவிடக்கூடாது. 3.045 போன்ற எண்ணும் சராசரி அல்ல. அது மூன்று ஆண்டு, 45 நாள் பணிக்காலம். 172 நாள் சேர்ந்தால் ஓர் ஆண்டு, ஆறு ஆண்டு நிறைந்தால்தான் ஒருவர் தன் விருப்பப்படி அணி தேட முடியும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால், தங்கள் அணியின் பக்கத்தை ஒரு மாலைக்குள் படித்துவிடலாம்; நேஷனல்ஸ் ரசிகர்கள் மட்டும் ஸ்ட்ராஸ்பர்க்கின் வரிகளைக் கடைசியாகப் படிப்பது நல்லது.