அம்மா உணவகமா, இந்திரா கேன்டீனா?

2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தைப் பார்த்துத்தான், 2017-ல் பெங்களூருவில் கர்நாடக அரசின் மலிவு விலை உணவகமான இந்திரா கேன்டீன் வந்தது. விலையில் சென்னையை யாராலும் அடித்துக்கொள்ள முடியாது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. பெங்களூருவில் காலை டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது சமையல்தான். பெங்களூருவில் பொதுச் சமையற்கூடத்தில் சமைத்து வண்டியில் அனுப்புகிறார்கள். சென்னையில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் உணவகத்துக்குள்ளேயே சமைக்கிறார்கள். டோக்கனை நீட்டினால், ஆவி பறக்க இட்லி தட்டில் விழும். மேலே ஒரு கரண்டி சாம்பார். நின்றுகொண்டே சாப்பிடலாம். ஆவியில் வெந்த இட்லி, வயிற்றுக்கும் இதம்.

ராகி முத்தே (கேழ்வரகுக் களி உருண்டை), பிசிபேளா பாத் வேண்டுமென்றால் பெங்களூருதான். தினசரி காலைக்கு என் ஓட்டு சென்னைக்கே.