ஏற்காடு பஸ்ஸில் போகும் லேப்டாப்புக்கு ஹார்டுடிஸ்கா, எஸ்எஸ்டியா?

வீடு சேலம் அஸ்தம்பட்டியில். வேலை ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்டத்துக் கணக்கு. வாரத்தில் மூன்று நாள் லேப்டாப் பையோடு பஸ்ஸில் மலையேறுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு அதன் ஹார்டுடிஸ்க் (சுற்றும் தட்டில் தகவலை எழுதி வைப்பது) கெட்டுப்போய், அந்த இடத்தில் எஸ்எஸ்டி (சிப்பில் எழுதி வைப்பது) போட்டேன். அதிலிருந்து எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடையில் "8 ஜிபி, 512 ஜிபி" என்று இரண்டு எண் சொல்வார்கள். சின்ன எண் ராம். வேலை நடக்கும்போது மட்டும் தகவல் தங்கும் இடம் அது. லேப்டாப்பை அணைத்தால் காலியாகிவிடும். பெரிய எண்தான் ஸ்டோரேஜ். விண்டோஸ், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், கல்யாண போட்டோ எல்லாம் நிரந்தரமாக இருப்பது அங்கே. ஹார்டுடிஸ்கா, எஸ்எஸ்டியா என்ற கேள்வி இந்தப் பெரிய எண்ணைப் பற்றியது. 1 டிபி வாங்கியவர்கள் 931 ஜிபிதான் காட்டுகிறது என்று பதறவேண்டாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

விலையில் ஹார்டுடிஸ்க் மலிவு, வேகத்தில் எஸ்எஸ்டி. ஹார்டுடிஸ்க்கில் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட் எடுக்கிறது. வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்கவேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் இல்லை. பழைய லேப்டாப்பில் மாற்றிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் வேகம் இல்லை, குலுங்கல். ஹார்டுடிஸ்க்குக்குள் படிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை; மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்த இடைவெளி தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுற்றும்போது பலமாக அதிர்ந்தால் தலை தட்டில் உரசிவிடும். அணைத்தால் தலை ஓரமாக ஒதுங்கி நின்றுவிடும், அப்போது பயம் குறைவு. நான் என்ன செய்தேன்? பறிப்பு சீசனில் ஒருநாள், மூடினாலும் ஓடும்படி செட்டிங் வைத்திருந்த லேப்டாப்பை அப்படியே மூடிப் பையில் போட்டுக்கொண்டு, கடைசி நேரத்தில் ஓடிப்போய்ப் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு இருபதும் இறங்கி வீட்டுக்கு வந்து திறந்தால் டிக், டிக் என்று சத்தம். பழுது பார்ப்பவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணா, ஹெட்டு போயிருச்சுங்க" என்றார். அந்தப் பயணம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, டிஸ்க்கும் பழசுதான். ஆனால் ஒரு மாதக் கூலிக் கணக்கைத் தாளில் இருந்து மறுபடி ஏற்றியபோது என் மனசு முடிவெடுத்துவிட்டது. அலையும் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டிதான்.

மாற்றுவது பெரிய வேலையும் இல்லை. பழைய லேப்டாப்பில் 2.5 அங்குல ஹார்டுடிஸ்க் இருந்தால், அதே அளவு சாட்டா (பழைய டிஸ்க் இணையும் அதே முறை) எஸ்எஸ்டி அந்த இடத்திலேயே உட்காரும். எம்.2 வகை (சின்னப் பட்டை போல இருக்கும் எஸ்எஸ்டி) வாங்குவதானால் அதற்கான ஸ்லாட் இருக்கிறதா, அது சாட்டாவை ஏற்குமா, என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு முறையை ஏற்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கழற்றிய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி கேசிங்கில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

சரி, எஸ்எஸ்டியில் குறையே இல்லையா? இருக்கிறது. ஹார்டுடிஸ்க் பல நேரம் சத்தம் போட்டோ, மெதுவாகியோ எச்சரிக்கும். எஸ்எஸ்டி முன்னறிவிப்பே இல்லாமல் ஒருநாள் காணாமல் போகலாம். தவறுதலாக அழித்த ஃபைல் ஹார்டுடிஸ்க்கில் மேலெழுதப்படும்வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும், மீட்க வழி உண்டு. எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிரிம் என்ற வசதி சீக்கிரமே துடைத்துவிடும். இன்னொன்று, அது தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. கரண்டே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த மின்னூட்டம் கசியும். எழுதி எழுதி ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டிகூட 30 டிகிரி வெப்பத்தில் கரண்ட் இல்லாமல் ஒரு வருடம் தகவலைத் தாங்கவேண்டும் என்பதுதான் சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை. புதியது அதைவிட அதிகம் தாங்கும். இருந்தாலும் சேலத்துச் சித்திரை வெயிலில் பீரோ எவ்வளவு சுடும் என்று நமக்குத் தெரியாததா?

அதனால் பீரோவில் வைப்பதற்கு மட்டும் 1 டிபி வெளி ஹார்டுடிஸ்க் வாங்கினேன். வெள்ளிக்கிழமை இரவு டேலி பேக்கப்பை அதில் ஏற்றிவிட்டு, கழற்றித் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவேன். அது மலையேறுவதே இல்லை. என் எஸ்எஸ்டிக்கு மூன்று வயதுதான். பத்து வருடம் உழைக்குமா என்று கேட்டால் என்னிடம் இருப்பது மூன்று வருடக் கணக்கு மட்டும்தான்.