டெல்டாவுக்கு எந்த மின்சாரக் கார்? டியாகோ, நெக்ஸான், விண்ட்சர்: ஓர் ஒப்பீடு

"ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" மின்சாரக் கார் என்றாலே எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். டெல்டாவில் இருப்பவர்கள் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது என்பேன். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர், திருச்சி 60-க்குள், நாகப்பட்டினம் 90 சொச்சம். மலை கிடையாது, ஏற்றம் கிடையாது. ஊருக்கு ஊர் வேகத்தடை இருப்பதால் 70-ஐத் தாண்டி ஓட்டவும் வழியில்லை. மின்சாரக் காருக்கு இதைவிடத் தோதான பூமி அமைவது கஷ்டம்.

வாங்கிய பிறகு நம்மைத் தினமும் தொடுபவை வேறு: வீட்டுக்கு வரும் கரண்ட், ஆற்றங்கரைச் சாலை, ரோட்டில் காயும் நெல், ஐப்பசி கார்த்திகை மழை. இவற்றை வைத்து மூன்று கார்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். டாடா டியாகோ (24 யூனிட் பேட்டரி), டாடா நெக்ஸான் (45 யூனிட்), எம்ஜி விண்ட்சர் (38 யூனிட்). கிலோவாட் அவர் என்று போடுவார்களே, அது நம் ஈபி பில்லில் வரும் அதே யூனிட்தான். ஏசி போட்டு, நாலு பேரோடு போனால் ஒரு சார்ஜுக்கு டியாகோ 190 முதல் 210 கிலோமீட்டர், விண்ட்சர் 250 சொச்சம், நெக்ஸான் 320-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். கம்பெனி சொல்லும் எண்ணிக்கை இதைவிடக் கூடுதல். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

வீட்டு ப்ளக்கில் என்ன நடக்கிறது

காரோடு தரும் சாதாரண சார்ஜர் 15 ஆம்பியர் ப்ளக்கில் ஓடும். டியாகோவுக்கு அது போதும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சொருகினால் காலையில் நிறைந்திருக்கும். விண்ட்சருக்குக் காலியிலிருந்து நிறைய 14 மணி நேரம் பக்கத்தில் ஆகும், நெக்ஸானுக்கு அதற்கும் மேல். தினமும் காலி ஆகும் வரை யாரும் ஓட்டப் போவதில்லை என்பதால் இது பெரிய குறையில்லை. ஆனால் வெளியூர் போய் இரவு பத்து மணிக்கு வந்து, விடியற்காலை மறுபடியும் கிளம்பும் குடும்பம் என்றால் சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜர் வேண்டும். அதற்கு வீட்டு இணைப்பு மூணு பேஸாகவும், லோடு அனுமதி அதற்கேற்றபடியும் இருக்க வேண்டும். கார் வாங்கிய பிறகு ஈபி ஆபீஸுக்கு நடப்பதைவிட முன்னாலேயே நடந்துவிடுவது நல்லது.

பழைய ஓட்டு வீடுகளில் முதல் சிக்கல் எர்த். மின்சாரக் கார் சார்ஜர் இந்த விஷயத்தில் மிகவும் கறார். ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் சரியாக எர்த் இல்லாமலே வருஷக்கணக்கில் ஓடும். காருக்குச் சார்ஜ் ஏறாது, சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விசித்திரம் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மண் ஈரமாக இருக்கும், எர்த்தும் நன்றாக இருக்கும். ஜனவரி கடைசியில் அணை மூடி, சித்திரை வைகாசியில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும்போது அதே எர்த் கம்பி பலனில்லாமல் போகிறது. நேற்று வரை ஏறிய சார்ஜ் இன்று ஏறவில்லை என்றால் காரைக் குறை சொல்வதற்கு முன் கொல்லைப்பக்கம் போய் எர்த் குழியைப் பாருங்கள். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் விட்டால் பல வீடுகளில் விளக்கு பச்சைக்கு மாறிவிடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் காருக்குத் தனி எர்த், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்). சாதாரண பவர் ப்ளக்கில் எட்டு மணி நேரம் விடாமல் 14, 15 ஆம்பியர் இழுத்தால் ப்ளக் இளகிக் கருகும். தொழிற்சாலைகளில் போடும் நீல நிற சாக்கெட்டைப் போட்டுவிடுங்கள். மூன்று கார்களுக்கும் இது பொது.

பில் விஷயத்தில் சின்னக் கார் ஜெயிக்கிறது. மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, டியாகோ 150 யூனிட் பக்கம் எடுக்கும். மற்ற இரண்டும் அதைவிடச் சில பத்து யூனிட்டுகள் கூட. பில் வருவதோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கு இருந்த சலுகை விலையும் போய்விடும். ஏற்கெனவே 350 யூனிட் ஓடும் வீடு, கார் வந்ததும் தாண்டிவிடும். கூரையில் சோலார் போட இடமிருந்தால் பகலில் வீட்டில் நிற்கும் காருக்கு அது கணக்குக்குச் சரியாக வரும்.

மோட்டார் கொட்டகையில் இலவச மின்சாரம் இருக்கிறதே, அங்கே சொருகிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டும். வேறு வேலைக்கு எடுத்தால் 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். விவசாயிகளுக்குக் கிடைத்திருக்கும் ஒரு உரிமையை ஒரு காருக்காகக் கேள்விக்குள்ளாக்குவது எனக்கு உடன்பாடில்லை.

உட்கார்ந்து கிளப்புவது

விண்ட்சரில் ஸ்டார்ட் பட்டனே கிடையாது. சாவி பாக்கெட்டில் இருக்க, உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங் பக்கத்துத் தண்டைத் தட்டினால் கிளம்பிவிடும். அணைப்பதற்கும் பட்டன் இல்லை. இறங்கிப் பூட்டினால் தானே அணையும். பழகியவருக்குச் சுகம். கல்யாணத்துக்கு ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டால் அவருக்கு ஒரு பாடமே எடுக்க வேண்டும். சைடு கண்ணாடி திருப்புவது, முகப்பு விளக்கு போடுவது எல்லாம் அந்த 15.6 அங்குலத் திரைக்குள் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இருட்டில் கொள்ளிடக் கரையில் போகும்போது விரல் தானாகப் போய்த் தொடும் இடத்தில் சுவிட்ச் வேண்டும். அந்த வகையில் டாடா கார்கள் இரண்டும் மேல்.

ஆனால் பின்சீட்டில் விண்ட்சரை மிஞ்ச இவற்றில் ஒன்றுமில்லை. சாய்மானம் 135 பாகை வரை போகும், கால் நீட்ட இடம் தாராளம், டிக்கி 604 லிட்டர். மூட்டுவலியுள்ள பெரியவர்களை அழைத்துக்கொண்டு நவக்கிரகச் சுற்று போகிற வீடு என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே இதை எடுக்கலாம். கும்பகோணத்திலிருந்து திங்களூர், சூரியனார்கோயில், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, திருநள்ளாறு என்று ஒன்பதும் முடித்துத் திரும்ப 250 கிலோமீட்டருக்குக் குறையாது. நெக்ஸான் ஒரே சார்ஜில் முடிக்கும். விண்ட்சருக்கு விளிம்பில் நிற்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேகச் சார்ஜரில் அரைமணி போட்டால் நிம்மதி. 80 சதவீதத்துக்கு மேல் ஏறும் வேகம் மிகவும் குறையும் என்பதால் அங்கே நூறு வரை காத்திருக்கக் கூடாது. டியாகோவை இந்தச் சுற்றுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கரைச் சாலையும் காயும் நெல்லும்

வாய்க்கால் பாலங்கள் நம் பக்கம் முதுகு தூக்கியவை. தரையிலிருந்து கார் எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்ப்பார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தையும் பார்க்க வேண்டும். விண்ட்சருக்கு அது 2,700 மில்லிமீட்டர், நெக்ஸானுக்கு 2,500-ஐ ஒட்டி. பேட்டரி அடிவயிற்றில் இருப்பதால், ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகப் பாலத்தின் உச்சியில் ஏறும்போது நீளமான கார்தான் முதலில் உரசும். டியாகோ நீளத்தில் குறைவு, உயரத்திலும் குறைவு. நிதானமாக ஏற்ற வேண்டும். கிராமத்து உள்ரோடு தினசரி வேலை என்றால் நெக்ஸான்தான்.

குறுவை, சம்பா அறுவடையில் ரோடு பாதி களமாகிவிடும். வைக்கோல் பரப்பிய ரோட்டில் பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஒரு அபாயம் உண்டு: சூடான புகைக்குழாயில் வைக்கோல் சிக்கித் தீப்பிடிக்கும். மின்சாரக் காரில் புகைக்குழாயே இல்லை, அந்தப் பயம் போயிற்று. ஆனாலும் சக்கரத்துக்குப் போகும் தண்டில் வைக்கோல் சுற்றிக்கொண்டு ரப்பர் உறையைக் கிழிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் குனிந்து பார்த்து எடுத்துவிட வேண்டும்.

சத்தமின்மைதான் பெரிய கவலை. நெல்லைத் துழாவிக்கொண்டு முதுகு காட்டி நிற்கும் அம்மாவுக்குக் கார் பின்னால் வந்து நிற்பதே தெரியாது. மெதுவாகப் போகும்போது வெளியே கேட்கும்படி ஒரு மெல்லிய ஒலி எழுப்பும் ஏற்பாடு இப்போது பல கார்களில் வருகிறது. அது 20 கிலோமீட்டர் வேகத்துக்குள்தான், திறந்த வெளிக் காற்றில் கரைந்துவிடும். தூரத்திலேயே ஒரு சின்ன ஹாரன் கொடுத்து, அவர் திரும்பிப் பார்த்த பிறகு நகர்வதே முறை. வாத்துக் கூட்டம் குறுக்கே வரும்போதும் அப்படியே.

இங்கே கைகொடுப்பது ரீஜென், அதாவது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே காரை இழுத்துப் பிடித்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புவது. நெக்ஸானில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பு போன்ற பட்டனை விரலால் தட்டினால் பிடிமானம் கூடும், குறையும். ஊருக்குள் நுழையும்போது கூட்டி, வெளியே வந்ததும் குறைப்பது சில நாளில் கைப்பழக்கமாகிவிடும். விண்ட்சரில் இதற்கும் திரையைத் தொட வேண்டும். ஒரு எச்சரிக்கை: நூறு சதவீதம் நிறைந்த பேட்டரியோடு காலையில் கிளம்பினால், வரும் கரண்ட்டை வாங்க இடமில்லாததால் ரீஜென் பிடிக்காது. நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காமல் வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். முதல் சில கிலோமீட்டர் பிரேக்கில் கால் தயாராக இருக்கட்டும். அதற்காக நூறு வரை ஏற்றவே கூடாது என்றில்லை. மூன்றிலும் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி. அவ்வப்போது முழுதாக ஏற்றினால்தான் மீதி எவ்வளவு என்று காட்டும் கணக்கு சரியாக இருக்கும்.

வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரீஜெனால் பிரேக் அதிகம் வேலை செய்யாது. உப்புக்காற்றில் பிரேக் தட்டு துருப்பிடிக்கும். காலி ரோட்டில் இடையிடையே அழுத்தமாகப் பிரேக் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

புயல் வந்தால்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தபோது திருவாரூர், நாகை, தஞ்சை மாவட்டங்களில் கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. குடிதண்ணீருக்கே அல்லாடினோம். அந்த நினைவு உள்ளவர்கள் நெக்ஸானின் ஒரு வசதியைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்: காரிலிருந்து வெளியே கரண்ட் எடுப்பது. எல்லா வேரியண்ட்டிலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். அதற்கான அடாப்டரும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். 3.3 கேவிஏ, அதாவது ஏறத்தாழ 3 கிலோவாட் வரை தரும். ஃப்ரிட்ஜ், மின்விசிறி, விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு யூனிட். பாதி பேட்டரி இருந்தாலே ஐந்தாறு நாள் தாங்கும். அரை எச்பி மோட்டாரையும் ஓட்டி மேல்தொட்டியை நிரப்பலாம். மோட்டார் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதால் ஒரு எச்பி சந்தேகம், வயல் மோட்டார் முடியவே முடியாது. அதற்கு மூணு பேஸ் வேண்டும். இன்னொன்று: கார் ஒயரை வீட்டு ப்ளக்கில் கொடுத்து மொத்த வீட்டுக்கும் கரண்ட் அனுப்பப் பார்க்காதீர்கள். அது கம்பிக்குத் திரும்பிப் போய், வேலை பார்க்கும் லைன்மேன் உயிரைப் பறிக்கும். எக்ஸ்டென்ஷன் பலகையில் மட்டும் எடுங்கள்.

38 யூனிட் விண்ட்சரில் இந்த வசதி இல்லை, டியாகோவிலும் இல்லை. வாடகை ஜெனரேட்டரில் காரை ஏற்றிக்கொள்ளலாம் என்ற திட்டமும் பல சமயம் பலிக்காது. எர்த், நியூட்ரல் இணைப்பு இல்லாத ஜெனரேட்டரைச் சார்ஜர் ஏற்றுக்கொள்ளாது. புயல் எச்சரிக்கை வந்ததும் முழுதாக ஏற்றி, இடி மின்னல் தொடங்குமுன் ப்ளக்கைக் கழற்றி, மேட்டில் நிறுத்திவிட வேண்டும்.

பேட்டரிக்கு ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். சோதனை பேட்டரிக்கு மட்டும். உடைந்த கரையின் ஓட்டத்தில் இறங்க அது அனுமதி இல்லை. வெள்ளத்தில் நின்ற காரை, சரிபார்க்காமல் சார்ஜில் போடவே கூடாது. சேற்றில் சிக்கினால் டிராக்டரில் கயிறு கட்டி ஊர் வரை இழுத்துவரும் நம் வழக்கமும் இங்கே ஆகாது. மூன்றும் முன்சக்கரத்தால் ஓடுபவை. அந்தச் சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் சுற்றிக் கரண்ட் உண்டாக்கி, உள்ளிருக்கும் பாகங்களைக் கெடுக்கும். மேட்டில் ஏற்றுகிற அளவுக்கு மட்டும் இழுத்துவிட்டு, மேடை வைத்த லாரியைக் கூப்பிட வேண்டும்.

இவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் காரை முடக்குவது பெரும்பாலும் பழைய 12 வோல்ட் குட்டி பேட்டரிதான். அது செத்தால் கதவுகூடத் திறக்காது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி எங்கே நுழையும் என்பதை டெலிவரி எடுக்கும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் பெட்டி மட்டுமா என்பதையும். வயலோரம் நிறுத்துபவர்களுக்கு எலி ஒயர் கடிக்கும் தொல்லை எந்தக் காரிலும் உண்டு.

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போய்வரும் ஆசிரியருக்கு டியாகோவுக்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. கும்பகோணம் டவுனில் பெரியவர்களோடு இருப்பவருக்கு விண்ட்சர். வயலும் தோப்பும் வைத்து, கடலுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு நெக்ஸான் என்று தயங்காமல் சொல்வேன். விண்ட்சரின் பின்சீட்டும் வேண்டும், புயலுக்குக் கரண்ட்டும் வேண்டும் என்றால் 2025-ல் வந்த 52.9 யூனிட் விண்ட்சர் ப்ரோவில் இரண்டும் உண்டு. ஆனால் 15 ஆம்பியர் ப்ளக்கில் அது ஒரு ராத்திரியில் நிறையாது. மூணு பேஸுக்கு மனு கொடுத்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.