வாரண்டி கார்டா, ஐந்து வெள்ளி மனுவா?

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் 1,290 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பிரிட்ஜ் வாங்கினோம். மூன்றாவது வாரமே மேல்தட்டில் ஐஸ் உருகி, கெம்போங் மீன் நாறிப்போனது. கடைக்கு ஓடினால், "வாரண்டி கார்டு இருக்குல்ல அண்ணே? கம்பெனிக்கு போன் அடிங்க. வித்ததோட எங்க வேலை முடிஞ்சுது" என்றான் கல்லாவில் இருந்த பையன்.

வாரண்டியில் காசு செலவில்லை. ஆள் ஈப்போவிலிருந்து வீட்டுக்கே வருவார். கதவு ரப்பர், சுவிட்ச் மாதிரி சின்னப் பழுதுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எங்களுக்கு வந்தவர் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் கேஸ் ஏற்றினார். புது பிரிட்ஜில் கேஸ் குறைகிறதென்றால் எங்கேயோ ஒழுகுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரக் காத்திருப்பு. இதில்தான் ஆபத்து: நியாயமான காலத்துக்குள் "பொருள் வேண்டாம்" என்று சொல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையே கைநழுவும். ரிப்பேருக்காகக் காத்திருந்தாலும் கடைக்கு எழுத்தில் ஒரு புகாரைக் கொடுத்துவிடுங்கள்.

ஏனென்றால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விற்ற கடையையும் பிடிக்கிறது. சரிசெய்யக்கூடிய பழுதென்றால் முதல் வாய்ப்பு கடைக்குத்தான், அதை மறுக்க முடியாது. இழுத்தடித்தாலோ, பழுது தீராவிட்டாலோ பொருளைத் திருப்பிவிட்டுப் பணத்தையோ வேறொன்றையோ கேட்கலாம். பெரிய பழுதென்றால் முதலிலேயே கேட்கலாம். கெட்டுப்போன மீனுக்கும் கணக்குச் சேர்க்கலாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் மாட்டியிருக்கும் அட்டை பழுதான பொருளுக்குச் செல்லாது.

கடை மசியவில்லையா? பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கிடையாது. கடைக்காரர் வராமல் இருந்தாலும் உத்தரவு போட முடியும். நீங்கள் போகாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். உத்தரவு வந்து 14 நாளில் கடை பணிய வேண்டும், இல்லையென்றால் அது குற்றம்: அபராதமோ சிறையோ. மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சிறு வழக்கு 5,000 வெள்ளியோடு நிற்கிறது, ஜெயித்த பிறகும் பணத்தை நாம்தான் வசூலிக்க வேண்டும். கைமாற்று கொடுத்த பணத்துக்கு வேண்டுமானால் அங்கே போகலாம்.

தீர்ப்பாயத்துக்கு ஒரு செலவு உண்டு: நாள். ஈப்போ போய் வருவதில் ஒரு நாள் சம்பளம் போகும். அறுபது வெள்ளி ரைஸ் குக்கருக்கு நான் போகமாட்டேன். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியதென்றால் போகவும் முடியாது. விற்றவன் பெயரும் முகவரியும் இல்லாமல் யார் மேல் மனுப் போடுவது?

பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதலாம், தமிழில் 'பயனீட்டாளர் குரல்' நடத்துகிறவர்கள். ஆனால் கடையைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அமலாக்கப் பிரிவில் புகார் செய்தால் கடை பயப்படும், நம் பணம் தானாக வந்துவிடாது.

நான் 5 வெள்ளி வழியில்தான் போனேன். விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது லாரியில் ஒரு பிரிட்ஜ் வந்து இறங்கியது. நாங்கள் வாங்கியதைவிடச் சின்னது. "தற்காலிகமா வச்சுக்குங்க அண்ணே" என்றார்கள். அப்படியே திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் அதே அளவில் புதியது வந்தது, மீனுக்கு 40 வெள்ளியும் கொடுத்தார்கள். அப்புறம்தான் மனுவைத் திரும்பப் பெற்றேன்.

அதற்குள் கடை ரசீது வெளுத்து வெறும் தாளாகியிருந்தது. சூட்டில் அச்சாகும் ரகம் அது. வாங்கிய அன்றே மகள் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள், மனுவோடு போனது அந்தப் படம்தான்.