ஹார்மோன் ஊசி: நிறுத்திப் போட்ட காலமும் நிறுத்தாமல் போடும் காலமும்

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் நண்பருக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் ஊசி தொடங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார். இரண்டு முறையிலும் இருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கும் அதே நோய்தான். கதிர்வீச்சு முடிந்து இரண்டு ஆண்டுகள் அடங்கியிருந்த பிஎஸ்ஏ (இந்நோயின் போக்கைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு), 2019 தொடக்கத்தில் ஏறத் தொடங்கியது. சில நாள் பைகாலுடமைடு என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை கொடுத்தபின், கோசெரலின் என்ற ஹார்மோன் ஊசியை 10.8 மில்லிகிராம் அளவில் போட்டார்கள். தொப்புளுக்குக் கீழே தடித்த ஊசியால் தோலுக்கடியில் சிறு குச்சி போன்ற மருந்தைச் செலுத்துவார்கள். மூன்று மாதம் தாங்கும். மே மாதம் உடம்பில் அனல் எழுந்து சட்டை நனைந்தபோது, அது கத்திரி வெயிலா மருந்தா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மார்கழியிலும் அவ்வாறே நனைந்தபோதுதான் ஐயம் தீர்ந்தது.

மூன்று ஊசிக்குப் பிறகு பிஎஸ்ஏ நன்கு இறங்கியிருந்ததால், டிசம்பரில் போடவேண்டியதை மருத்துவர் நிறுத்தினார். நிறுத்திய மறுநாளே பழைய உடம்பு திரும்பிவிடும் என்று நினைத்திருந்தேன். ஊசி அடக்கிவைத்திருந்த ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தலைதூக்கவே ஆறு மாதம் ஆனது. பிஎஸ்ஏ மீண்டும் 10-ஐத் தொட்டு ஊசியைத் திரும்பத் தொடங்கும்வரை இருந்த பதினான்கு மாதங்களில், நான் நானாக இருந்தவை எட்டு மாதங்களே. ஆனாலும் அந்த எட்டு மாதங்களில் படியேறும்போது கால் தளரவில்லை, செய்தித்தாளை முழுதாகப் படிக்கும் பொறுமை வந்தது.

இந்த முறைக்கு என் மருத்துவர் காட்டிய ஆதாரம், கதிர்வீச்சுக்குப் பின் பிஎஸ்ஏ மட்டும் ஏறிய 1,386 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வு. அதில் இடைவெளி விட்டவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 8.8 ஆண்டுகள், தொடர்ந்து போட்டவர்களுக்கு 9.1. நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியவர்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் இடைவெளி விட்டவர்களுக்கு 5.1, தொடர்ந்தவர்களுக்கு 5.8 என்று வந்தது. அங்கே இரண்டும் சமம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே எது நல்லது என்ற கேள்விக்கு முன்னால், நோய் எதுவரை போயிருக்கிறது என்ற கேள்வி நிற்கிறது.

என் கணக்கும் அப்படித்தான் மாறியது. இரண்டாம் சுற்றின் இடைவெளி ஒன்பதே மாதத்தில் முடிந்து, 2022-இல் எலும்பு ஸ்கேனில் இடுப்பில் ஒரு புள்ளி தெரிந்தது; நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. அதன்பின் ஊசி நிற்கவில்லை. ஆண் ஹார்மோன் உற்பத்தியை மேலும் தடுக்கும் அபிராட்டிரோன் மாத்திரையும், அதனுடன் கொடுக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனும் சேர்ந்தன. அபிராட்டிரோனை வெறும் வயிற்றில் விழுங்கி ஒரு மணி நேரம் எதுவும் உண்ணக்கூடாது என்பதால், ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறரைக்குக் காபி என்று வீட்டு வழக்கமே மாறியது. இரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை, எலும்பு அடர்த்தி ஆகியவற்றைத் தவறாமல் பார்க்கிறார்கள். அசதி நிரந்தரமாகிவிட்டது, மதிய உறக்கமின்றி நாள் நகர்வதில்லை.

இடையில் ஒருமுறை வசதிக்காக வீட்டருகே வேறொரு ஆய்வகத்தில் பிஎஸ்ஏ எடுத்தேன். அளவு கூடியதாகக் காட்ட, பத்து நாள் உறக்கம் போனது; வழக்கமான இடத்தில் திரும்ப எடுத்தபோது பழைய எண்ணே வந்தது. கருவிக்குக் கருவி அளவு மாறும் என்பதால் ஒரே ஆய்வகத்தில் எடுப்பதே நல்லது.

நண்பரிடம் எலும்பு ஸ்கேனில் என்ன வந்தது என்று கேட்டேன். இன்னும் எடுக்கவில்லை என்றார்.